அறுபத்துநாலாயிரம் பைட் தமிழ்

1993 தமிழ்ப் புத்தாண்டு நாளில் சன் டிவி வந்தது. அதற்குப் பிறகு கம்பம் பள்ளத்தாக்கில் கேபிள் இழுக்காத தெருவைத் தேடித்தான் பார்க்க வேண்டும். சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் என்று ஊருக்கு ஊர் யாராவது ஒருவர் மாடியில் டிஷ் வைத்திருப்பார். வெளிச் சேனல்களோடு அவருடைய சொந்தச் சேனல் ஒன்றும் ஓடும். மத்தியானம் ஒரு படம், ராத்திரி ஒரு படம், நடுவில் நகைக்கடை, ஜவுளிக்கடை விளம்பரங்கள். விளம்பரத்துக்கு அடியில் நீலப் பட்டை ஒன்றில் மஞ்சள் எழுத்து வலமிருந்து இடமாக நகர்ந்துகொண்டே இருக்கும். பெரியாறு அணை நீர்மட்டம், வைகை அணை நீர்மட்டம், போடி ஏலக்காய் விலை, யார் வீட்டுக் காதணி விழா எந்த மண்டபத்தில், காணாமல் போன பசுமாட்டுக்கு என்ன அடையாளம். மே மாதக் கடைசியில் அணைக் கணக்கைத் தவிர வேறு எதையும் ஜனங்கள் படிக்க மாட்டார்கள். 14,707 ஏக்கர் இருபோக நெல்லுக்கு ஜூன் 1-இல் தண்ணீர் திறப்பார்களா என்பது அந்த எண்ணில்தான் இருந்தது. பெரியாற்றில் 136 அடிக்கு மேல் தேக்கக் கூடாது என்றிருந்த காலம்.

அந்தப் பட்டைகளில் சிலவற்றை ஓட்டிய புரோகிராம் என்னுடையது. டிஷ்ஷுக்குப் பக்கத்தில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட அறை, இரண்டு விசிஆர், ஒரு மாடுலேட்டர், ஒரு 386 கம்ப்யூட்டர். விண்டோஸ் கிடையாது, வெறும் டாஸ். தமிழ் என்று ஒரு மொழி இருப்பதே அந்த மெஷினுக்குத் தெரியாது. அதன் திரையில் தமிழை வேகமாக ஓடவிட எங்களுக்குத் திறந்திருந்த வழி ஒன்றே ஒன்று: திரைக்குரிய மெமரியில் நேராகக் கைவைப்பது. கேம் எழுதுகிறவர்கள் வேகத்துக்காக அதைச் செய்தார்கள். எங்களுக்கும் காரணம் அதுவேதான்: முறையான வழி ஒன்று இருந்தது, அது ஊர்ந்தது.

1981-இல் வந்த ஐபிஎம் பி.சி.யின் 8088 பிராசசருக்கு எட்டும் மெமரி மொத்தம் ஒரு மெகாபைட். முதல் 640 கே நம் புரோகிராமுக்கு. அதற்கு மேலே ஏ000 என்ற செக்மென்ட்டிலிருந்து திரையின் ராஜ்ஜியம். கிராஃபிக்ஸ் அங்கே, கருப்பு வெள்ளைத் திரை பி000-இல், கலர் எழுத்துத் திரை பி800-இல். எழுத்துத் திரை என்றால் 80 பத்தி, 25 வரி. ஒவ்வொரு கட்டத்துக்கும் இரண்டு பைட், ஒன்று எழுத்து, மற்றொன்று நிறம். ஆக 4,000 பைட். பி800-இன் முதல் பைட்டில் 65 என்று எழுதினால் அடுத்த கணம் திரையின் இடது மேல் மூலையில் 'ஏ' நிற்கும். பிரிண்ட் கட்டளையும் தேவையில்லை, யாரிடமும் அனுமதியும் கேட்க வேண்டியதில்லை.

டர்போ சி-யில் இதற்கு ஒரு ஃபார் பாயிண்டர் போதும். எங்கள் தலைமுறைக்கு அதைக் கற்றுக்கொடுத்தது நாக்பூர் யஷ்வந்த் கனேத்கரின் புத்தகங்கள். மதுரையில் கோர்ஸ் படித்த எல்லோரும் அந்த வரியை அடித்துப் பார்த்து, திரையில் உள்ள எழுத்துகளை மழை மாதிரி உதிரவிட்டு வேடிக்கை பார்த்தவர்கள்தான். பெரும்பாலானவர்கள் வேடிக்கையோடு நிறுத்திக்கொண்டு வேலைக்குப் போனார்கள். நான் தேனிக்குத் திரும்பினேன். இங்கே கம்ப்யூட்டர் வாங்கினவர்கள் ஜின்னிங் ஃபேக்டரிக்காரர்கள், போடி ஏலக்காய் வியாபாரிகள். அவர்களுடைய முதல் கேள்வி எப்போதும் இதுதான்: "தம்பி, இதுல தமிழ் வருமா?"

முறைப்படி செய்வதென்றால் பயாஸ் வழியாகப் போக வேண்டும். 10ஹெச் இன்டரப்ட்டைக் கூப்பிட்டு, இந்த இடத்தில் இந்த நிறத்தில் ஒரு புள்ளி வை என்று சொல்லலாம். 16-க்கு 16 கட்டத்தில் ஒரு தமிழ் எழுத்து என்றால் 256 புள்ளி, 256 முறை கூப்பிடல். ஒவ்வொரு முறையும் பயாஸ் ரெஜிஸ்டர்களைப் பத்திரப்படுத்தி, எந்த மோட் என்று விசாரித்து, பெருக்கல் போட்டு முகவரி கண்டுபிடித்து, ஒரே ஒரு பிட்டை மாற்றிவிட்டுத் திரும்பும். எக்ஸ்டி மெஷினில் 'ண' மேலிருந்து கீழாக வரைந்து முடிவதைக் கண்ணால் பார்க்கலாம். தமிழ் தட்டச்சு ஹையர் பாஸான ஓர் அக்கா ஒரு கடையில் இதில் தட்டிப் பார்த்தார். அவர் வரியை முடித்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார், திரை பாதி வரியில் இருந்தது. "தம்பி, மெஷின் எழுத்துக் கூட்டிப் படிக்குது" என்றார்.

புள்ளி புள்ளியாகக் கேட்பதை விட்டுவிட்டு மெமரியில் பைட்டாக எழுதினால் ஒரே எழுத்து 32 பைட்டில் முடிந்துபோகும். எட்டுப் பிக்சல் ஒரு பைட்டுக்குள் அடங்கும் கருப்பு வெள்ளை கிராஃபிக்ஸ் அதற்கு வசதி. அந்தக் கடைகளில் பெரும்பாலும் இருந்தது ஹெர்குலிஸ் கார்டும் அம்பர் நிற மானிட்டரும். 720-க்கு 348 புள்ளி. அன்றைய ஐபிஎம் கலர் கார்டைவிடக் கூர்மை.

ஹெர்குலிஸ் கார்டு பிறந்த கதை எனக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது. அதை 1982-இல் உருவாக்கிய வான் சுவன்னுகுல் தாய்லாந்துக்காரர். அமெரிக்காவில் ஆராய்ச்சிப் படிப்பு படித்துக்கொண்டிருந்தவர், தாய் எழுத்தில் தட்ட ஐபிஎம் திரை லாயக்கில்லை என்று தானே ஒரு கார்டு செய்தார். கீழும் மேலும் குறி ஏறும் எழுத்து தாய் எழுத்து. எட்டுக்கு எட்டுக் கட்டத்தில் அடைக்க முடியாது. நம் 'கீ', 'கூ' படும் அதே பாடு. உலகமெல்லாம் அந்தக் கார்டை லோட்டஸ் கணக்குத் தாளுக்காக வாங்கியது. போடியில் அதே கார்டில் தமிழ் எழுதிக்கொண்டிருந்த நாங்கள்தான் அதை அது பிறந்த காரியத்துக்குக் கிட்டத்தில் வைத்திருந்தோம் என்று நினைத்தால் எனக்கு இப்போதும் ஒரு அல்ப சந்தோஷம்.

ஹெர்குலிஸில் ஒரு குசும்பு உண்டு. திரையின் 0, 1, 2, 3 ஆம் வரிகள் மெமரியில் அடுத்தடுத்து இருக்காது. நாலால் வகுத்து மீதி பார்க்க வேண்டும். மீதி பூஜ்யமான வரிகளெல்லாம் முதல் 8 கே துண்டில், மீதி ஒன்றானவை அடுத்த 8 கே துண்டில், இப்படி நாலு துண்டு. முகவரி என்பது 8,192 பெருக்கல் அந்த மீதி, கூட்டல் 90 பெருக்கல் ஈவு, கூட்டல் பத்தியை எட்டால் வகுத்தது. 90 எதற்கென்றால் 720 பிக்சலுக்கு 90 பைட். இந்தச் சுற்றுவழிக்குக் காரணம் உள்ளே இருந்த மோட்டரோலா 6845 சிப். அது எழுத்து வரிசைகளை எண்ணப் பிறந்தது. அதன் வரிசைக் கணக்கு ஏழு பிட்தான், 348 வரியை நேராக எண்ண அதற்கு வராது. 87 வரிசை, வரிசைக்கு நாலு கோடு என்று அதை ஏமாற்றினார்கள். அந்தச் சூத்திரத்தை ஒவ்வொரு பைட்டுக்கும் போடக் கூடாது. 348 வரிக்கும் முகவரியை ஆரம்பத்திலேயே கணக்குப் போட்டு அட்டவணையாக வைத்துக்கொண்டால் பிறகு வெறும் கூட்டல்தான்.

தட்டச்சு அக்காவின் விரல்களுக்காக விசைப்பலகையைத் தமிழ் டைப்ரைட்டர் மாதிரியே வைத்தேன். டைப்ரைட்டரில் புள்ளி நகரா விசை. அதைத் தட்டினால் வண்டி நகராது, எழுத்தும் புள்ளியும் ஒரே இடத்தில் விழும். கிராஃபிக்ஸ் மெமரியில் இதைச் செய்வது அற்புதமான சுலபம்: ஏற்கெனவே இருக்கிற பைட்டோடு புள்ளியின் பைட்டை 'ஆர்' செய்தால் போதும். இரும்பும் ரிப்பனும் செய்ததை ஒரே இன்ஸ்ட்ரக்ஷன் செய்துவிடும்.

ஆனால் கடைக்காரருக்கு வெறும் தட்டச்சு எதற்கு? அவருக்குப் பற்று வரவு வேண்டும். பற்று வரவு ஃபாக்ஸ்ப்ரோவில் இருந்தது, ஃபாக்ஸ்ப்ரோ எழுத்துத் திரையில் மட்டுமே ஓடும். அங்கே ஒவ்வொரு கட்டமும் எட்டு பிக்சல் அகலம். 'ட' சௌகரியமாக உட்காரும். 'ண', 'ஞ', 'ணை' உட்காராது.

என் தொழில் வாழ்க்கையில் நான் மிகவும் ரசித்துச் செய்த வேலை இதற்குத் தீர்வு கண்டது. 1987-இல் வந்த விஜிஏ கார்டில் எழுத்துகளின் உருவம் ரோமில் மட்டும் இருப்பதில்லை. கார்டு தன் மெமரியின் நாலு அடுக்குகளில் மூன்றாவதில் உருவங்களை இறக்கி வைத்துக்கொண்டு அங்கிருந்து வாசிக்கிறது. ஓர் எழுத்துக்கு 32 பைட் இடம். அதில் 16 பைட்டைத்தான் பயன்படுத்துகிறது. சீக்வென்சர் ரெஜிஸ்டர்களில் நாலைந்து எண்ணை மாற்றினால் அந்த அடுக்கு ஏ000-இல் கதவைத் திறந்து நிற்கும். ஆங்கில உருவத்தின் மேல் நம் உருவத்தை எழுதிவிட்டு ரெஜிஸ்டர்களைப் பழையபடி வைத்துவிட்டால் ஃபாக்ஸ்ப்ரோவுக்கு எதுவும் தெரியாது. அது 200 என்ற எண்ணைத் திரையில் போடும்; திரையில் 'கூ' வரும்.

கணக்கு இங்கே இடித்தது. பதினெட்டு மெய்க்கும் அகர, இகர, ஈகார, உகர, ஊகார உருவங்களும் புள்ளி வைத்ததும் சேர்த்தால் 108. எழுத்துத் திரையில் ஒன்றின் மேல் ஒன்றை ஏற்ற முடியாது என்பதால் எல்லாம் தனித்தனி உருவம். உயிரும் ஆய்தமும் 13. கொம்புகள், கால். கிரந்தம். இதில் அகலமான எழுத்துகளை இரண்டாக வெட்ட வேண்டும், ஒவ்வொன்றுக்கும் இரண்டு இடம். ஆங்கிலம் போக மிச்சம் இருப்பது 128. எம்ஜிஆர் அரசு 1978-இல் பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றுக்கொண்டதால் ணா, றா, னா, ணை, லை, ளை, னை என்று பதின்மூன்று எழுத்துகளின் பழைய உருவங்கள் போய்விட்டன. லை-யின் தும்பிக்கை போய்விட்டதே என்று வருத்தப்படும் பெரியவர்கள் உத்தமபாளையத்தில் எனக்குத் தெரிந்தே உண்டு. ஃபான்ட் வரைந்தவன் எவனும் வருத்தப்பட்டிருக்க மாட்டான்.

வெட்டிய எழுத்தில் இன்னொரு வம்பு. விஜிஏ எழுத்துத் திரையில் கட்டம் எட்டு பிக்சல் என்று பெயர், வரைவது ஒன்பது. ஒன்பதாவது பிக்சல் எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவில் விடும் வெற்றிடம். ஆங்கிலத்துக்கு அது அழகு. இரண்டாக வெட்டின 'ண'வுக்கு நடுவில் மேலிருந்து கீழாக ஒரு பிளவு. ஐபிஎம்காரர்களுக்கும் கட்டம் போடும் கோடுகளில் இதே தொல்லை வந்ததால் ஒரு விதிவிலக்கு வைத்திருந்தார்கள்: 192 முதல் 223 வரை உள்ள 32 எழுத்துகளுக்கு மட்டும் எட்டாவது பிக்சலே ஒன்பதாவதிலும் திரும்ப வரும், கோடு அறாது. ஆக, வெட்டின எழுத்துகளின் இடது பாதியை அந்த 32 இடத்துக்குள் வைத்தால் பிளவு மறைந்துவிடும். வைத்தேன், மறைந்தது. ஆனால் ஃபாக்ஸ்ப்ரோ தன் ஜன்னல்களுக்குக் கரை கட்டுவதும் அதே எண்களை வைத்துத்தான். மெனுவைத் திறந்தால் நாலு பக்கமும் பாதி 'ண'வும் பாதி 'ஞ'வும் வரிசை கட்டி நின்றன.

தப்பிக்க வழி நிறம் குறிக்கும் பைட்டில் இருந்தது. விஜிஏ ஒரே நேரத்தில் இரண்டு ஃபான்ட் வைத்துக்கொள்ளும், மொத்தம் 512 உருவம். நிறப் பைட்டின் நாலாவது பிட், அதாவது எழுத்தைப் பளிச்சென்று காட்டும் பிட், எந்த ஃபான்ட் என்பதையும் தீர்மானிக்கும்படி கார்டை மாற்றி வைக்கலாம். முதல் ஃபான்ட்டில் ஆங்கிலமும் கரைக்கோடுகளும் அப்படியே இருக்கட்டும்; இரண்டாவது முழுக்கத் தமிழ். ஒன்பதாவது பிக்சல் விதி இரண்டாவது ஃபான்ட்டின் 192 முதல் 223-க்கும் பொருந்தும், அங்கே கரைக்கோட்டுத் தகராறு கிடையாது. இதன் பலன் விசித்திரமானது. ஃபாக்ஸ்ப்ரோவில் ஒரு ஃபீல்டுக்குப் பளிச்சென்ற வெள்ளை என்று நிறம் சொன்னால் அது தமிழில் தெரியும். மங்கல் வெள்ளை என்றால் ஆங்கிலம். ஃபாக்ஸ்ப்ரோவின் ஒரு வரிகூட மாறவில்லை. போடிக் கடையில் மலைத்தோட்டக்காரர்களின் பெயர் பளிச்சென்று தமிழிலும், ஏலக்காயின் ஏஜிஇபி, ஏஜிபி தரக் குறிகள் மங்கலாக ஆங்கிலத்திலும் நின்றன. வேண்டுமென்றே அப்படி அழகு பார்த்து வைத்தேன் என்று முதலாளி நினைத்துக்கொண்டார். நானும் மறுக்கவில்லை.

அந்தப் பேரேட்டை டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரில் தமிழில் எடுப்பது தனிக் கதை, ஊசி ஒன்பதின் கதை. அதை விடுகிறேன்.

இதே வேலையை உலகத்தில் வேறு தமிழர்கள் எங்களுக்கு முன்பே செய்திருந்தார்கள். கனடாவில் கு. சீனிவாசன் 'ஆதமி' என்ற டாஸ் தமிழ் மென்பொருளை 1980-களின் நடுவிலேயே எழுதிவிட்டார். மலேசியாவில் முத்து நெடுமாறனின் 'முரசு' அதே காலத்தது. ஐஐடி கான்பூரில் தொடங்கிப் புனே சி-டாக்கில் வளர்ந்த ஜிஸ்ட் கார்டு, இந்திய எழுத்துகளுக்கென்றே தனி வன்பொருள் வைத்து எந்த டாஸ் புரோகிராமிலும் அவற்றைக் காட்டியது. ஆண்டிபட்டி கணவாயைத் தாண்டி இந்தச் சேதிகள் எங்களிடம் வந்து சேரச் சில வருஷம் ஆயிற்று. ஜிஸ்ட் கார்டை மதுரையில் ஓர் அலுவலகத்தில் பார்த்தேன். நல்ல வேலைப்பாடு. எல்லா இந்திய மொழிக்கும் ஒரே குறியீட்டு அடுக்கு என்பதும் பெரிய யோசனைதான், 1991-இல் அது இந்தியத் தரமாகவும் ஆனது. ஆனால் ஒரு கார்டின் விலைக்கு எங்கள் ஊரில் ஒரு கடை கம்ப்யூட்டர் வாங்குவதையே தள்ளிப்போட்டுவிடும். ஃப்ளாப்பியில் வரும் இலவச ஃபான்ட் அவர்களுக்குப் போதும். அவரவர் ஒரு குறியீடு, ஒருவர் ஃபைலை இன்னொருவர் திறந்தால் குப்பை என்ற நிலைமைக்கு எங்களைப் போன்றவர்கள் எல்லோருமே பங்காளிகள். 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு கூடி விசைப்பலகையையும் குறியீட்டையும் ஒழுங்குபடுத்தும்வரை அந்தக் கூத்து நடந்தது.

கேபிள் டிவிக்கு வருகிறேன். பெரிய ஊர் வீடியோ கடைகளில் அமிகா கம்ப்யூட்டர் வைத்திருந்தார்கள். அது டிவி சிக்னலோடு ஒத்துப்போகவே பிறந்த மெஷின். நம் ஊர் கேபிள்கார அண்ணன்களிடம் இருந்தது 386-உம் ட்ரைடென்ட் விஜிஏ கார்டும் ஒரு டிவி கன்வெர்ட்டர் டப்பாவும்.

நான் எடுத்துக்கொண்டது 13ஹெச் மோட். 320-க்கு 200 பிக்சல், 256 நிறம், ஒரு பிக்சலுக்கு ஒரு பைட். மொத்தம் 64,000 பைட், ஒரே செக்மென்ட்டுக்குள் அடங்கிவிடும். அடுக்கு கிடையாது, துண்டு கிடையாது. வரியை 320-ஆல் பெருக்கிப் பத்தியைக் கூட்டினால் முகவரி. பி.சி. கிராஃபிக்ஸில் இவ்வளவு நாணயமான மோட் இன்னொன்று வந்ததில்லை. ஒரே குறை, பிக்சல் சதுரமாக இருக்காது. அகலத்தைவிட உயரம் ஐந்தில் ஒரு பங்கு கூடுதல். கிராஃப் தாளில் உருண்டையாக வரைந்த 'ல' திரையில் நெட்டையாக நிற்கும். கட்டங்களை நெட்டையாகக் கோடு போட்டுக்கொண்டு அதன் மேல் வரைந்தால் சரியாகும்.

பட்டையின் உயரம் 24 வரி, 320 பத்தி. ஒரு தடவை வரைய 7,680 பைட். திரை நொடிக்கு 70 தடவை புதுப்பிக்கும் என்பதால் ஒவ்வொரு தடவையும் எழுத்தை ஒரு பிக்சல் இடதுபக்கம் தள்ளினால் நொடிக்கு ஐந்தேகால் லட்சம் பைட்டுக்கு மேல். அந்தக் கால ஐஎஸ்ஏ பஸ் அதைத் தாங்கும், எழுத மட்டும் செய்தால். கார்டு மெமரியிலிருந்து படிப்பது எழுதுவதைவிட மந்தம். திரையில் இருப்பதைப் படித்து ஒரு பிக்சல் நகர்த்தித் திரும்ப எழுதுகிறவர்களின் பட்டை இழுத்து இழுத்து ஓடும். சாதாரண மெமரியில் முழு வாசகத்தையும் ஒரு நீளமான படமாக வரைந்து வைத்துக்கொண்டு, ஜன்னல் வழியே பார்க்கிற மாதிரி அதில் 320 பத்தியை மட்டும் எடுத்து ஏ000-இல் கொட்ட வேண்டும். அசெம்பிளியில் 'ரெப் மூவ்எஸ்டபிள்யூ' ஒரே வரி. கொட்டுகிற நேரமும் முக்கியம். 3டிஏ போர்ட்டின் நாலாவது பிட் ஒன்றானால் எலெக்ட்ரான் கற்றை கீழே முடித்து மேலே திரும்பிப் போகிறது என்று அர்த்தம். அந்த இடைவெளியில் தொடங்கினால் எழுத்து கிழியாது. பார்க்காமல் எழுதினால் மேல் பாதி ஒரு இடத்திலும் கீழ்ப் பாதி ஒரு பிக்சல் தள்ளியும் நிற்கும்.

மானிட்டரில் பட்டை வெண்ணெய்யாக ஓடியது. டிவியில் நடுங்கியது. மானிட்டர் 70, நம் ஊர் டிவி 50. கன்வெர்ட்டர் டப்பா நடுவில் எழுபதில் இருபதை முழுங்குகிறது, அதையும் ஒரே சீராக முழுங்க வராது. "அங்கிட்டும் இங்கிட்டும் ஆடுதேய்யா, வயசானவுக எப்படிப் படிப்பாக?" என்றார் அண்ணன். வேகத்தைக் குறைத்தால் நடுக்கம் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குப் போயிற்று. ஓரத்தில் வைத்த எழுத்தை டிவியின் சட்டம் மறைத்தது, பட்டையை மேலே ஏற்றினேன். ஒரு பிக்சல் தடிமனான படுக்கைக் கோடு டிவியில் இமைக்கும். எழுத்தின் படுக்கைக் கோடெல்லாம் இரண்டு பிக்சல் ஆயிற்று. சிவப்புப் பட்டை கேட்ட நகைக்கடைக்காரருக்கு அதைப் போட்டுக் காட்டினேன். கேபிள் வழியே போகும்போது கெட்டிச் சிவப்பு பக்கத்துப் பிக்சல்களில் கசியும். கடைப் பெயரே கரைந்தது. அவரே நீலம் போதும் என்றார்.

எல்லாவற்றையும்விட வேடிக்கை சத்தம்.

"தம்பி, படம் ஓடுறப்பச் சத்தம் சுத்தமா இருக்கு. உன் எழுத்து வந்தாத்தான் ஸ்பீக்கர் கர்ர்ருங்குது. ஊரு பூரா போன் போடுறாய்ங்க."

"வெள்ளையக் கொஞ்சம் கொறைச்சா சரியாயிரும்ணே."

"எழுத்தக் கொறைச்சா சத்தம் எப்படிய்யா கொறையும்?"

குறையும். நம் டிவி முறையில் திரை வெளுக்க வெளுக்க ஒளிபரப்பு அலையின் பலம் குறைந்துகொண்டே போகும். முழு வெள்ளையில் மாடுலேட்டர் எல்லை தாண்டினால் அலையே அற்றுப்போகும். ஒலியைப் பிரித்தெடுக்க டிவிக்கு அந்த அலை வேண்டும். நொடிக்கு ஐம்பது தடவை அது அறுந்து ஒட்டுவதுதான் அந்தக் கர்ர். விஜிஏவில் நிறம் ஒவ்வொன்றுக்கும் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் 0 முதல் 63 வரை வைக்கலாம். 3சி8 போர்ட்டில் நிறத்தின் எண், 3சி9-இல் அடுத்தடுத்து மூன்று அளவு. வெள்ளையின் 63-ஐ 48 ஆக்கினேன். ஸ்பீக்கர் அடங்கியது. அண்ணனுக்குக் கடைசிவரை நம்பிக்கை வரவில்லை. நான் வேறு ஏதோ ஒயரை மாற்றிவிட்டு வெள்ளை என்று கதை விடுகிறேன் என்றே சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆஸ்பெஸ்டாஸ் அறையின் சூட்டில் விஜிஏ கார்டில் மெமரி சிப்புகள் சாக்கெட்டிலிருந்து மெல்ல மேலே எழும்பும். பகலில் விரிவு, ராத்திரி சுருக்கம். நாலு பிக்சலுக்கு ஒரு புள்ளி நிறம் மாறித் தெரிந்தால் அதுதான் வியாதி. 13ஹெச் மோடில் வெளியே அடுக்கு தெரியாவிட்டாலும் கார்டுக்கு உள்ளே அடுத்தடுத்த நாலு பைட்டும் நாலு வெவ்வேறு அடுக்குக்குப் போகும், ஓர் அடுக்கின் சிப் தளர்ந்தால் நாலுக்கு ஒன்று கெடும். கட்டைவிரலால் அழுத்தினால் 'கடக்' என்று உட்காரும். இதைப் போனிலேயே சொல்லிக்கொடுத்துவிட்டேன். கரண்ட் போய் வந்தால் புரோகிராம் தானாக எழும்படி ஆட்டோஎக்ஸெக் ஃபைலில் போட்டிருந்ததால் வேறு எதற்கும் என்னைக் கூப்பிட மாட்டார்கள்.

பிறகு எல்லோருக்கும் 640-க்கு 480-இல் 256 நிறம் வேண்டும் என்று ஆசை வந்தது, சாமி படம் ஸ்கேன் பண்ணிப் போட. அது 3,07,200 பைட். ஏ000-இல் தெரிவது 64 கே மட்டும். திரையை ஐந்து துண்டாக்கி ஒவ்வொன்றாக அந்த ஜன்னலுக்குக் கொண்டுவர வேண்டும். முதல் துண்டு எங்கே முடிகிறது என்று பாருங்கள்: 102-ஆம் வரியின் 256-ஆவது பிக்சலில். வரி முடிவில் முடிந்திருந்தால் ஒரு புண்ணியம், நடுவரியில் முடிகிறது. மாரியம்மன் நெற்றியில் குங்குமத்துக்குப் பக்கத்தில் துண்டு மாறும். ஒவ்வொரு பிக்சலுக்கும் துண்டைச் சோதித்தால் படம் ஊரும். துண்டு மாறும் வரிகளை மட்டும் பிரித்துக் கையாண்டால் பறக்கும். துண்டு மாற்றும் விதமும் கார்டுக்குக் கார்டு வேறு. செங் லேப்ஸ் சிப்பில் 3சிடி போர்ட். ட்ரைடென்ட்டில் சீக்வென்சருக்குள் ஒரு ரெஜிஸ்டர், அதிலும் ஒரு பிட்டைத் தலைகீழாக்கி எழுத வேண்டும். ஏன் தலைகீழ் என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் கிடையாது. வெசா என்ற பொது முறை வந்திருந்தது, மலிவுக் கார்டுகள் பலவற்றில் அது பேருக்குத்தான். கம்பத்தில் ஓடிய புரோகிராம் கூடலூரில் திரையைக் கிழித்தது இதனால். எந்த மெஷினில் எந்தச் சிப் என்று ஒரு நோட்டு வைத்திருந்தேன். வீரபாண்டித் திருவிழாவுக்கு முந்தின வாரம் யாராவது பழுதான கார்டை மாற்றிவிட்டு வேறு கார்டு போட்டிருப்பார்கள், நோட்டு பொய்யாகும்.

விண்டோஸ் வந்ததும் இந்தக் கதவு அடைபட்டது. விண்டோஸ் என்டியில் ஏ000 பக்கம் தலைகாட்டினால் புரோகிராமையே வெளியே தள்ளிவிடும். அது நியாயம்தான். பத்துப் புரோகிராம் ஓடுகிற திரையில் ஆளுக்கொரு பக்கம் கைவைத்தால் உருப்படாது. விண்டோஸ் 2000-இல் லதா ஃபான்ட்டோடு யூனிகோடு தமிழ் தானாகவே வந்தபோது நான் வரைந்து வைத்திருந்த கிராஃப் தாள்களுக்கு வேலையில்லாமல் போயிற்று. அதில் எனக்கு வருத்தமில்லை. எழுத்து காட்டுவதற்கே பாதி ஆயுசு போனால் கணக்கு எப்போது எழுதுவது?

இப்போது தேனியில் எல்இடி போர்டு செய்யும் ஒரு கடைக்கு அவ்வப்போது போகிறேன். பேக்கரி, பஸ் கம்பெனி, மெடிக்கல் ஷாப் வாசலில் எழுத்து ஓடுகிற போர்டு. பி10 என்பார்கள், ஒரு பலகையில் 32-க்கு 16 விளக்கு. அங்கிருக்கும் பையன் கன்ட்ரோலர் சிப்பில் தானே புரோகிராம் எழுதுகிறான். "அண்ணே, எழுத்து நாலு கீத்தா மாறி மாறி விழுதுண்ணே" என்று ஒரு நாள் காட்டினான். பி10-இல் 0, 4, 8, 12 ஆம் வரிசைகள் ஒன்றாக எரியும். அடுத்து 1, 5, 9, 13. நாலால் வகுத்து மீதி பார்க்கிற அதே ஹெர்குலிஸ் கணக்கு, முப்பது வருஷம் கழித்து. காகிதத்தில் எழுதிக்கொடுத்தேன், சாயங்காலத்துக்குள் சரி செய்துவிட்டான்.

உயரம் 16 வரிசை என்பதால் விஜிஏவுக்கு வரைந்த ஃபான்ட் ஃபைல் மாற்றமே இல்லாமல் அதில் உட்கார்ந்தது; ஒன்பதாவது பிக்சல் தொல்லையும் இங்கே இல்லை, வெட்டின எழுத்துகள் ஒட்டியே நிற்கின்றன. இப்போது குமுளியில் மசாலாக் கடை வைத்திருப்பவர் தமிழும் மலையாளமும் மாறி மாறி ஓட வேண்டும் என்று கேட்டிருக்கிறார். மலையாளக் கூட்டெழுத்துகளை 16 வரிசைக்குள் எப்படி அடக்குவது என்று பையனும் நானும் கட்டம் போட்ட நோட்டில் வரைந்து பார்த்துக்கொண்டிருக்கிறோம். 'ந்த' வந்துவிட்டது. 'ஞ்ஞ' இன்னும் இடிக்கிறது.